80-ஐத் தொட்டால் நடுக்கம்

மூன்று வாரமாக என் வண்டிக்குக் குளிர் ஜுரம். 75 கிலோமீட்டர் வேகம் வரை சமர்த்தாகப் போகும். 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் வெடவெடவென்று நடுங்கும். 95-ஐத் தாண்டினால் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். அப்பாவிடம் சொன்னேன். "80-ல ஏன் போறே?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ஆரம்பம் நடுக்கத்துக்கும் முன்னால். டயர் தேய்ந்திருந்தது, மாற்ற வேண்டும். விஷயம் அவ்வளவுதான். மச்சான் வந்து, "அப்படியே அலாய் வீலும் மாத்திடுங்க மாமா, 19 இன்ச் போட்டா வண்டி கெத்தா நிக்கும்" என்றான். சொல்லிவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போனது.

அன்றிலிருந்து நான் கணக்கு வாத்தியார். வண்டியோடு வந்தது 215/60 R17. அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் பக்கச்சுவர், ஆக 129. ரிம் 17 இன்ச். மச்சானின் கெத்துக்கு 225/45 R19. சக்கரத்தின் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் பக்கச்சுவர் 101. ரிம்முக்கும் ரோட்டுப் பள்ளத்துக்கும் நடுவில் நிற்கிற ரப்பரில் 28 மில்லிமீட்டர் காலி. அதை என் இடுப்புதான் ஈடுகட்ட வேண்டும். போதாக்குறைக்கு நான் பார்த்த 19 இன்ச் டயரில் லோடு இண்டெக்ஸ் 92, அதாவது ஒரு டயர் 630 கிலோதான் தாங்கும். பழையது 96, அதாவது 710 கிலோ. கெத்தாக நிற்கும், சரி. குடும்பத்தோடு ஏறினால்?

சமரசமாக 215/55 R18-க்கு வந்தேன். பழைய உயரத்தோடு வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர், ஸ்பீடோமீட்டருக்கே தெரியாது. அப்புறம் ஆஃப்செட் என்று ஒரு பூதம்: சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு ஒட்டுகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. 45-க்குப் பதில் 30 எடுத்தால் சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகு, மழை வந்தால் கதவு முழுக்கச் சேறு. ராத்திரி பதினோரு மணிக்கு மகளின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குத்த வைத்திருந்தேன். மனைவி ஜன்னலைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உள்ள உக்காந்து ஓட்டப் போறீங்க. வெளிய இருக்கற சக்கரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லவில்லை. இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அலாய் நான்கும் வீட்டுக்கே வந்து இறங்கின. பெட்டி பிரிக்க மகளும் கூட உட்கார்ந்தாள். மறுநாள் டயர் கடையில் நான் செய்த அலப்பறையைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒவ்வொரு டயரிலும் செல்போன் வெளிச்சம் அடித்து, DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கிற நான்கு இலக்கத்தைத் தேடினேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். "2319" என்று இருந்தால் 2019-ன் 23-ஆவது வாரம் பிறந்த குழந்தை. கடைக்காரர் பொறுமையாக நின்றார். கடைசியில், "சக்கரத்தோட ரிங் ஏதாச்சும் வந்துச்சா சார்?" என்றார்.

"அதெல்லாம் தேவையில்லண்ணே, அளவு பாத்துத்தான் வாங்கியிருக்கேன். நேரா உக்காந்துடும்."

இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்புறம்தான் நடுக்கம். மூன்று முறை பேலன்சிங். ஒவ்வொரு முறையும் மிஷின் ஜீரோ காட்டியது, கடைக்காரர் அதை எனக்குக் காட்டினார், நான் சந்தேகமாக மிஷினைப் பார்த்தேன். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. ரோட்டைத் திட்டினேன், டயரைத் திட்டினேன், மச்சானைத் தனியாகத் திட்டினேன்.

இன்று காலை மகள் வாசலில் ஆடிக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பு வளையல்கள், முழங்கைக்கு மேல் ஏறி டொக் டொக்கென்று இடித்தன. ஏது என்றேன். "உங்க வண்டிப் பெட்டியில ஃப்ரீயா வந்துச்சுப்பா." வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் 73.1 - 67.1.

அலாயின் நடுத்துளை 73.1. என் வண்டியின் ஹப், அதாவது அந்தத் துளைக்குள் நுழைகிற நடுப்பகுதி, 67.1. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி. அதை அடைத்துச் சக்கரத்தை நட்டநடுவில் உட்கார வைப்பதற்குத்தான் அந்த ரிங். டயருக்கு ஜாதகம் பார்த்தவன் துளையை அளக்கவில்லை. மூன்று வாரமாக நான்கு சக்கரமும் வெறும் நட்டை நம்பி, நடு தப்பிச் சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன.

கையில் இருந்தது மூன்று. நான்காவது பொம்மைக்குக் கிரீடமாகியிருந்தது. அதைக் கழற்ற அரை மணி நேரப் பேச்சுவார்த்தை, நிஜ வளையல் ஒரு டஜன் என்று ஒப்பந்தம். கடைக்காரர் நான்கையும் மாட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பும்போது 80, 85, 90. ஸ்டீயரிங் அசையவில்லை. மகள் பின்சீட்டில் பொம்மையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சக்கரத்துக்குள்ள போட்டுட்டா யாருக்குப்பா தெரியும்?"

முன்சீட்டில் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.