மூக்கா, பாட்டிலா?

ஜனவரி 9

ஆர்ட்பெக் 10, புகை மணத்துக்குப் பேர்போன ஸ்காட்ச் விஸ்கி. மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க வரவேண்டிய புகை, கோப்பைக்குள் மூக்கை விட்டும் இல்லை. காந்தல் மட்டும் இருக்கிறது.

ஜனவரி 10

காந்தல் மணம் ஆகாது. ஆல்கஹால் மூக்கில் காந்துவது ட்ரைஜெமினல் நரம்பு வழியாக. மணத்துக்கு நரம்பு வேறு. மூக்கு முழுக்க அடங்கிக் கிடந்தாலும் ஆர்ட்பெக்கின் 46 சதவீத ஆல்கஹால் காந்தும், மெந்தால் குளிரும். "லேசா வருது" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இங்கேதான்.

சோதிக்க வழி உண்டு. ஒரு கோப்பையில் 40 சதவீத வோட்கா 15 மி.லி. இன்னொன்றில் ஆர்ட்பெக் 15 மி.லி., 2.25 மி.லி. தண்ணீர், அதுவும் 40-க்கு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் முகர வேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் இதுவரை முகர்ந்ததெல்லாம் காந்தல்தான்.

தெரியவில்லை.

ஜனவரி 11

மூக்கைச் சோதிக்க வீட்டு மணங்கள். ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு, வரவேண்டியதில் கால் பங்கு. நீலகிரித் தைலம் கணக்கில் வராது, அதில் பாதி குளிர்ச்சி.

ஜனவரி 13

பாட்டில் மேலேயும் சந்தேகம். ஆகஸ்டில் திறந்தது, மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மீதி இடமெல்லாம் காற்று. பாதிக்குக் கீழே இறங்கியதும் 100 மி.லி. சீசாக்களில் கழுத்து வரை நிரப்பி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. (படுக்க வைக்கவில்லை, அதுவரை நல்லது. ஒயின் பழக்கத்தில் விஸ்கியைப் படுக்க வைத்தால் சாராயம் கார்க்கைத் தின்றுவிடும்.)

ஆனால் காற்றுதான் திருடன் என்றால் எதை முதலில் எடுத்திருக்க வேண்டும்? லேசாகப் பறப்பதை. வாழைப்பழ மணம் தரும் எஸ்டர் 142 டிகிரியில் கொதிப்பது, புகை மணத்தின் குவாயகால் 205-இல். பழம் போய்ப் புகை நின்றிருந்தால் பாட்டிலைக் குற்றம் சொல்லலாம். எனக்கு இரண்டுமே இல்லை.

ஜனவரி 14

அதே ஆர்ட்பெக்கில் சீல் உடையாத 50 மி.லி. குட்டி பாட்டில் ஒன்று இருந்தது. மூன்று கோப்பைச் சோதனை: இரண்டில் பழையது, ஒன்றில் புதியது, ஒவ்வொன்றிலும் 5 மி.லி. தங்கச்சி இடம் மாற்றி வைத்தாள். ஒற்றையைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு அடியில் மூன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். நான்கு சுற்றும் சரியாக வர 81-இல் ஒரு வாய்ப்புதான்.

ஒவ்வொரு கோப்பையிலும் 6.5 மி.லி. தண்ணீர் சேர்த்து 20 சதவீதத்துக்கு இறக்கினேன். விஸ்கி கலக்கும் நிபுணர்களான பிளெண்டர்கள் முகர்ந்து பார்ப்பது ஏறக்குறைய இந்த வீரியத்தில்தான், காந்தல் அடங்கிவிடும். "ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, மணம் விரியும்" என்பது பாதிச் சடங்கு. 20 சொட்டு சேர்ந்தால்தான் 1 மி.லி.; 15 மி.லி. விஸ்கியில் இரண்டு சொட்டு விட்டால் 46 என்பது 45.7 ஆகும், அவ்வளவுதான். தண்ணீர் உதவுவது உண்மை: குவாயகால் தண்ணீரை விட்டு விலகி ஆல்கஹாலோடு மேற்பரப்புக்கு ஏறுகிறது என்று ஸ்வீடனில் 2017-இல் கணினிக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அளவுதான் பிரச்சினை.

சுற்றுக்கு நடுவே பத்து நிமிடம். மூக்கைத் தெளிய வைக்கக் காப்பிக்கொட்டை வேண்டாம், சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் போதும்.

நான்கில் ஒன்று சரி. குருட்டு அடி.

மிச்சம் 30 மி.லி.யை மருந்துச் சீசாவில் தளும்ப ஊற்றி மூடிவிட்டேன்.

ஜனவரி 15

ரோஜா இல்லை.

ஜனவரி 18

பீட் (புகை மணத்துக்காக எரிக்கும் கரிமண்) கணக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் மேல் இன்று காரணமில்லாமல் எரிச்சல். ஆர்ட்பெக் 55 பிபிஎம் (புகைச் சேர்மம், பத்து லட்சத்தில் 55 பங்கு) என்பது மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், அளந்தது, பாட்டிலில் அல்ல. மாவு ஊறும்போதும் வடிக்கும்போதும் நிறைய போய்விடும். லாகவுலின், கல் ஈலா என்ற இரண்டு வடிசாலைகளும் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து 35-ஐ ஒட்டிய மால்ட்டையே வாங்குகின்றன. ஒன்று அடுப்படிப் புகை, மற்றது ஈரக்கடற்கரையில் அணைந்த தீ. கல் ஈலாவில் கொப்பரையை நிரப்பாமல் வடிக்கிறார்கள். ஆவிக்குத் தாமிரத்தோடு உரச நேரம் கிடைக்கிறது, சாராயம் லேசாகிறது. புகைச் சேர்மங்கள் பெரும்பாலும் வடிப்பின் பின்பகுதியில்தான் வரும். எங்கே வெட்டி நிறுத்துகிறார்கள் என்பதை எந்த லேபிளும் சொல்லாது.

இதையெல்லாம் இப்போது நினைவில் மட்டும் வைத்து எழுதுகிறேன்.

ஜனவரி 21

ரை தானியத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கிக்கு மாறினேன். காரணம் கிராம்பு. கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது. ஸ்காட்ச் பெரும்பாலும் போர்பனோ ஷெர்ரியோ குடியிருந்த பழைய பீப்பாயில் ஊறுவது; அமெரிக்க ரைக்கு உள்ளே கருக்கிய புது ஓக்தான் சட்டம். தானியத்தில் 51 சதவீதமாவது ரை. பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் கூடாது.

கடையில் நிற்கும்போது: 'ஸ்ட்ரெய்ட்' என்றால் குறைந்தது 2 ஆண்டு. 4 ஆண்டு ஆகாததற்கு வயது போட்டே ஆக வேண்டும், ஆகவே வயது போடாத ஸ்ட்ரெய்ட் ரை 4 ஆண்டாவது ஊறியது. 'பாட்டில்டு இன் பாண்ட்', 1897 சட்டம்: ஒரே வடிசாலை, ஒரே பருவம், 4 ஆண்டு, 50 சதவீதம். விலைக்கு இதைவிட நம்பகமான முத்திரை இல்லை. கனடா பாட்டிலில் 'ரை' என்ற சொல்லை நம்ப வேண்டாம். அங்கே ரை தானியம் துளியும் இல்லாமலே அப்படி எழுதலாம்.

ரிட்டன்ஹவுஸ் ரை, 15 மி.லி., தண்ணீர் 15. கிராம்பு, அரைப் பங்கு.

ஜனவரி 22

சதகுப்பை! இண்டியானா 95 சதவீத ரையில். காந்தல் இல்லை, மணமேதான்.

ஜனவரி 24

இன்று ஒன்றும் இல்லை. சதகுப்பையும் இல்லை.

ஜனவரி 27

எலுமிச்சை, கால் பங்கு. தோல் மட்டும், சாறு இல்லை.

ஜனவரி 29

லாஃப்ராய்க் 10, இன்னொரு புகை ஸ்காட்ச். டிங்சர், காயத்துப் பஞ்சு. அது கிரெசால் என்ற சேர்மம். புகை இல்லை. ஒரே கோப்பையில் ஒன்று வந்து மற்றது வராமல் எப்படி?

தண்ணீர் கூட்டினேன். கிரெசாலும் போனது. ரொம்பக் கூட்டிவிட்டேன்.

ஜனவரி 31

மருந்துச் சீசாவைத் திறந்தோம். பழைய பாட்டிலில் இப்போது நாலு விரல் கூட இல்லை. அதே 5 மி.லி., அதே 6.5, அதே பத்து நிமிடம்.

முதல் சுற்று: இடது. சரி.

இரண்டாம் சுற்று: நடு. சரி.

மூன்றாம் சுற்று: இடதில் ஏதோ கருகுகிறது