அம்மம்மாவும் கோட்டை மான்களும்

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எங்கள் அம்மம்மா, 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது பிள்ளைகளை ஒருவர் விடாமல் சேர்த்துக்கொண்டு புறப்பட்டாரெனினும், மாட்டுக் கொட்டிலில் நின்ற பசுவை அவிழ்த்துவிட்டு வந்ததையே பிற்காலத்தில் அடிக்கடி நினைத்து வருந்தினார். பிரெட்றிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகரத்துக் குப்பையோடு பொலித்தீன் பைகளையும் தின்பதைக் கண்ட நாள் முதல், மரக்கறித் தோல்களைப் பையில் கட்டி வீசக்கூடாதென்பது எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. மீறியவர் மாமாவாயினும் ஏச்சு நிச்சயம். வெள்ளிக்கிழமைகளில், கோட்டைக்குள் கோயில்கொண்ட சிவனான கோணேசருக்கென்று அவர் வாங்கும் வாழைப்பழங்களில் பாதி, கோட்டைக்குள் போகும் வழியிலேயே மான்களுக்குப் போய்விடும் (கோணேசர் கோபித்ததாகத் தெரியவில்லை). படுக்கையில் விழுந்த பின்னரும், காலையில் அம்மாவிடம் அவர் கேட்ட முதற்கேள்வி, "பூனைக்குச் சோறு வைச்சனியே பிள்ளை?" என்பதாகவே இருந்தது. அவர் வளர்த்த நாய்கள் இப்போது சின்னம்மா வீட்டில் இருக்கின்றன.