நிலக்கடலைக்கு உழவு: ரோட்டவேட்டர் கடைசியில்தான்

திருவண்ணாமலைப் பக்கத்துச் செம்மண்ணில் வருஷா வருஷம், சுழலும் பிளேடுகளால் மண்ணைத் தூளாக்கும் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால், நாலைந்து அங்குலத்துக்குக் கீழே மண் தட்டுப் போட்டுவிடும். மேலே மாவு, அடியில் பலகை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். வழுக்கென்று இறங்கியது சட்டென்று நின்றால் தட்டு அங்கேதான். கடலை வேர் அதைத் தாண்டாது, தண்ணீரும் மேலேயே நிற்கும்.

இதை உடைக்க, மண்ணை ஆழமாகக் கீறும் உளிக் கலப்பைதான். ஒன்றரை அடி இடைவெளியில் நேராக ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். காய்ந்த மண் விரிசல் விட்டு உடையும். ஈரத்தில் இழுத்தால் கத்தி போட்ட மாதிரி கோடுதான் விழும், டீசல் செலவு தண்டம்.

கோடை மழைக்குப் பின் ஒன்பது கொத்துக் (இரும்புக் கால்) கலப்பையில் இரண்டு சால், இரண்டாவது குறுக்கே. பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுவோம். உதிர்ந்தால் உழலாம், அப்பிக்கொண்டால் இன்னும் காய வேண்டும். திரும்பும்போது கொத்தைத் தூக்காமல் வண்டியைச் சட்டென்று வளைத்தால் கொத்துக் கால் வளையும். வாடகை மணிக்கணக்கு என்பதால் நிலக்காரரே டிரைவரை அவசரப்படுத்துவார், அதனால்தான் பாதிக் கால்கள் வளைகின்றன.

ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் இறைத்த பிறகு ரோட்டவேட்டர், ஒரே ஒரு தடவை. சிறிய கியர், பிடிஓ (டிராக்டர் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டு) நிமிஷத்துக்கு 540 சுற்று, ஆழம் நாலு அங்குலம். ஓட்டுமுன் பிளேடு போல்ட்டுகளை முடுக்குங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் மறுபடி. பிளேடைத் திருப்பி மாட்டினால் கூர்ப்பக்கத்துக்குப் பதில் முதுகு மண்ணை அடிக்கும், வண்டியே உதறும். பிடிஓ சுற்றிக்கொண்டிருக்கும்போது ரோட்டவேட்டரை மிக உயரத் தூக்கினால் ஷாஃப்ட்டின் கிராஸ் (இணைப்பு மூட்டு) உடையும்.

ரோட்டவேட்டரின் பின்பலகையைக் கொஞ்சம் தூக்கியே வைப்போம். கோலிக்குண்டு அளவு கட்டி கிடந்தால் நல்லதே. மாவாக்கிய செம்மண் ஒரு மழையிலேயே அடைபட்டு ஓடு கட்டும், முளை மேலே வராமல் உள்ளேயே மடங்கும். அப்படி ஆகிவிட்டால், விதைத்த நாலைந்தாம் நாள் விடும் உயிர்த்தண்ணீரை லேசாகப் பாய்ச்சுங்கள். ஓடு இளகி முளை வெளியே வரும்.