ஹானிபால்காரர்களும் எங்கள் கோவில் மலரும்

கும்பாபிஷேக மலர் வேலையை என் தலையில் கட்டியது போன நவம்பரில். "டீச்சர், நீங்கள்தான் ரிட்டயராகி வீட்டில் இருக்கிறீர்களே" என்று தலைவர் ஆரம்பித்தபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்போதுதான் ஒரு தட்டு நிறையச் சூடாகக் கத்தோ பிமா என்கிற மிளகாய் வடை கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள்.

மலரில் நான்கு பக்கம் 'நம் ஊர் தந்த பெரியோர்'. ஊர் என்றால் கியூர்பிப். மொரிசியஸின் நடு மேட்டில், மழை பெய்யாத நாளில்கூட மழை வரப்போகிற மாதிரியே இருக்கும் ஊர். எங்கள் கமிட்டியில் சண்டை இங்கத்திய பேச்சுமொழியான கிரியோலில் நடக்கும், குறிப்பு தமிழில் எழுதப்படும். அன்றைய குறிப்பேட்டில் "பெரியோர் யார் என்பது பற்றி உறுப்பினர்கள் கருத்துரைத்தனர்" என்று எழுதினேன். நடந்தது என்னவென்றால், ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். பொருளாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு 100 ரூபாய் நோட்டை எடுத்து, அதிலிருக்கும் எங்கள் நாட்டுத் தமிழ்த் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படத்தை எல்லாரிடமும் காட்டி, "பெரியவர் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார். நோட்டில் படம் வருகிற அளவுக்குப் பெரியவர்களைத் தேடினால் நான்கு பக்கம் எதற்கு, நாலு வரி போதுமே.

கடைசியில் மூன்று விதி போட்டார்கள். இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். பெயரைச் சொன்னால் வெளியூரிலும் தெரிய வேண்டும். போலீஸ், கேஸ், ஜெயில் என்று எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது விதி யாரை மனத்தில் வைத்துப் போட்டது என்று எனக்குத் தெரியும். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

அமெரிக்கா இதில் எப்படி நுழைந்தது என்றால், அட்டைப்படத்தின் வழியாக. மொரிசியஸை முதலில் படைத்து, அதைப் பார்த்துச் சொர்க்கத்தைப் படைத்தார்கள் என்று மார்க் ட்வைன் சொன்னாராம். அதை அட்டையில் போடலாம் என்றது இளைஞர் அணி. ஓட்டல் சுவரிலும் டீ ஷர்ட்டிலும் நாங்கள் அன்றாடம் பார்க்கிற வாக்கியம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய பயணநூலை எடுத்துப் பார்த்தேன். அவர் அதைத் தன் கருத்தாக எழுதவே இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் பெருமையடித்ததாக எழுதுகிறார். அடுத்த வரியிலேயே இன்னொருவர் வந்து, அதெல்லாம் மிகை, போர்ட் லூயியில் கட்டாயமில்லாமல் யாரும் குடியிருக்க மாட்டார்கள், கியூர்பிப்போ உலகத்திலேயே அதிகம் மழை பெய்கிற இடம் என்கிறார். அந்த இரண்டாவது ஆளை ஒரு டீ ஷர்ட்டிலும் காணோம். எனக்கு அவரைத்தான் பிடித்தது. நிச்சயம் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

ட்வைன் வந்தது 1896 ஏப்ரலில். திவாலாகி, கடனை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்துகொண்டிருந்தார். மனைவியும் ஒரு மகளும் கூட இருந்தார்கள். இந்தியா, இலங்கை முடித்து இங்கே இளைப்பாறிவிட்டு டர்பனுக்குக் கப்பலேறினார். கியூர்பிப் வீட்டுக் கூரைகளின் முனையில் நிற்கும் மரக் குச்சிகளைப் பார்த்துவிட்டு, ஊர்ப் பெயருக்கே அதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு போடு போட்டார். மலையேறி வந்த பயணிகள் இங்கே நின்று புகைக்குழாயைச் சுத்தம் செய்ததால் வந்த பெயர் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கேட்டிருக்கலாம்.

சரி, இவருடைய ஊரில் 'பெரியோர்' பட்டியல் எப்படி இருக்கிறது, பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். இரவு ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

ஊர் ஹானிபால். மிசௌரி மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரை. ஜனத்தொகை சுமார் 17,000, கியூர்பிப்பில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. ஊர் முழுக்க ட்வைன்தான். அவர் கதையில் டாம் சாயர் ஆள் பிடித்து வேலிக்கு வெள்ளையடிக்க வைத்தான் அல்லவா, அதற்காக வருஷாவருஷம் ஜூலையில் பிள்ளைகளுக்கு வேலிக்கு வெள்ளையடிக்கும் போட்டி நடக்கிறது. ஆனால் எங்கள் முதல் விதிப்படி ட்வைன் தேற மாட்டார். அவர் பிறந்தது பக்கத்தில் ஃப்ளோரிடா என்ற குக்கிராமத்தில், 1835இல். ஹானிபாலுக்கு வந்தபோது நாலு வயது. 1853இல் ஊரை விட்டே கிளம்பிவிட்டார். மொத்தம் 14 வருஷம். அந்த 14 வருஷத்தை வைத்து அந்த ஊர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அங்கேயே பிறந்தவர்கள் என்று பார்த்தால், டைட்டானிக் மூழ்கியபோது 6ஆம் எண் படகில் தப்பி, துடுப்புப் போட்டு, மீட்ட கப்பலிலேயே ஏழைப் பயணிகளுக்காக வசூலும் ஆரம்பித்த மார்கரெட் பிரவுன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் 1867இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது புகையிலை ஆலையில் வேலை. உலகம் அவரை 'மோலி' பிரவுன் என்கிறது. அவர் உயிரோடு இருந்த வரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இந்த விஷயம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புரியும். என் கொள்ளுத் தாத்தா சென்னையில் கப்பலேறும்போது ஒரு பெயர், போர்ட் லூயி குமாஸ்தா எழுதியது ஒரு பெயர். இன்றைக்கு எங்கள் அடையாள அட்டையில் இருப்பது குமாஸ்தாவின் பெயர்தான்.

பில் லியரும் ஹானிபாலில் பிறந்தவர்தான், 1902இல். லியர்ஜெட் விமானம் அவருடையது. ட்வைன் கடைசி முறையாகத் தன் ஊரை வந்து பார்த்துவிட்டுப் போனதும் அதே 1902தான். லியர் தன் மகளுக்கு ஷாண்டா என்று பெயர் வைத்தார். ஷாண்டா லியர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், சாண்டலியர், தொங்குவிளக்கு. பாவம் அந்தப் பெண். டிஸ்னியின் பினோக்கியோ படத்தில் ஜிமினி கிரிக்கெட் என்ற பூச்சிக்குக் குரல் கொடுத்துப் பாடிய கிளிஃப் எட்வர்ட்ஸும் அந்த ஊர்தான். அந்தப் பாட்டு ஆஸ்கர் வாங்கியது. அவர் 1971இல் கையில் காசில்லாமல் செத்தார்.

ஜார்ஜ் போஜ் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. 1880இல் ஹானிபாலில் பிறந்த கறுப்பினப் பிள்ளை. மிசௌரி அடிமை மாநிலமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. குடும்பம் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்தில் இரண்டு வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். அப்புறம் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை, கடைசியில் சிகாகோவில் தபால் குமாஸ்தாவாகப் பல வருஷம். பதக்கம் வாங்கிய கை கடிதம் பிரித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் நான் காபி குடித்துக்கொண்டே படித்தது. கிடியனிடம் வந்ததும் காபி ஆறிவிட்டது.

கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், பிறப்பு 1910, ஹானிபால். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவர். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றல், சின்னத் திருட்டு, ஜெயில், வெளியே வந்து மறுபடி ஜெயில். 1961 ஜூனில் ஃப்ளோரிடாவில் (இது மாநிலம், ட்வைனின் குக்கிராமம் வேறு) பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை யாரோ உடைத்து, இயந்திரத்திலிருந்த சில்லறையையும் கொஞ்சம் பீரையும் எடுத்துப்போனார்கள். கிடியனைப் பிடித்தார்கள். நீதிமன்றத்தில் அவர், என்னிடம் காசில்லை, எனக்கு ஒரு வக்கீல் கொடுங்கள் என்றார். மரண தண்டனை வரக்கூடிய வழக்குக்குத்தான் வக்கீல் தர முடியும் என்றார் நீதிபதி. சட்டம் அப்படி. தனக்குத் தெரிந்த மாதிரி தானே வாதாடி, ஐந்து வருஷ தண்டனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

1962 ஜனவரியில் சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். அந்த மனுவின் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு போட்ட தாள். பக்கத்தின் மேலே சிறை விதிகள் அச்சிட்டிருக்கின்றன. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவசரமில்லாமல் நிற்கிறது. முப்பது வருஷம் பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவள் நான். ஒரு சொல்லை எழுதுவதற்கு முன்னால் உள்ளுக்குள்ளே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறவரின் கையெழுத்து அது.

1963 மார்ச் 18ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: கடுங்குற்றம் சாட்டப்பட்டவர் ஏழையாக இருந்தால் அரசுதான் வக்கீல் வைத்துத் தர வேண்டும். அமெரிக்கா முழுவதற்கும். மறு விசாரணையில் அவருக்கு ஒரு வக்கீல் வந்தார். கிடியனைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவரைக் குறுக்கு விசாரணையில் பிய்த்து எடுத்துவிட்டார். ஜூரி ஒரு மணி நேரம் போல உட்கார்ந்து பேசிவிட்டு, குற்றவாளி இல்லை என்றது. 1972இல் செத்ததும் ஹானிபாலுக்கே கொண்டுவந்து புதைத்தார்கள். முதலில் கல்லறையில் பெயர்கூட இல்லை. கல் பிறகுதான் வந்தது. காலத்துக்குக் காலம் மனிதர்களின் நன்மைக்காகச் சட்டம் ஒரு படி திருந்துகிறது என்று அவரே கடிதத்தில் எழுதிய வரியை அதில் வெட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்றாவது விதிக்குக் காரணமான எங்கள் தையல்காரத் தாத்தாவுக்கு வருகிறேன். மார்க்கெட் பக்கம் ஒரு தகரக் கூரைக் கடை. ஒரு சிங்கர் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, காதில் ஒரு பென்சில். அந்த பென்சிலால் துணியில் கோடு போட்டதைவிடத் தாளில் எழுதியதுதான் அதிகம். பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் மனு எழுதுவார். முதலில் டேப்பைத் தாள்மேல் வைத்து ஓரத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டு மடிப்பார். "சட்டைக்கும் மனுவுக்கும் ஓரம் முக்கியம், பாப்பா" என்பார். பென்சிலில் எழுதியதை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டி, அப்புறம் கார்பன் வைத்து மையால் எழுதுவார். காசு வாங்க மாட்டார். ஒரு கட்டுக் கீரை கொடுத்தால் வாங்கிக்கொள்வார். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் எங்கள் ஓலைக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனதும், என் அம்மாவுக்குக் கல் வீடு கேட்டு அரசாங்கத்துக்கு மனு எழுதியது அவர்தான். மூன்று தடவை எழுதினார். நான் வளர்ந்தது அந்த வீட்டில்.

ஜெயிலுக்குப் போனவர் என்பதும் உண்மைதான். திலாம்பிக் என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சினார் என்று மூன்று மாதம். காய்ச்சினாரா என்று கேட்டால், காய்ச்சினார். அந்தக் காலத்தில் அதை வாங்கிக் குடித்தவர்களின் பேரன்கள் இன்று கமிட்டியில் இருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் கிடியன் கதையை முழுவதும் சொன்னேன். கிரியோலில்தான் சொன்னேன், உறைக்க வேண்டும் என்று. பொருளாளர், "டீச்சர், அது அமெரிக்கா" என்றார். அப்படியா, இங்கே வாருங்கள் என்று 1871ஐ எடுத்தேன். ஒப்பந்தக் காலம் முடிந்த பழைய கூலிகள்கூடப் படம் ஒட்டிய டிக்கெட் இல்லாமல் தெருவில் நடந்தால் பிடித்துக்கொண்டுபோய் அடைத்த காலம். என் கொள்ளுத் தாத்தா அப்போது கரும்புத் தோட்டத்தில் இருந்தார். அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி ஒருவர் அவர்களுக்காக மனு எழுதினார். அதில் 9,401 பேர் ஒப்பமிட்டார்கள். அதனால்தான் மறு வருஷம் அரச விசாரணைக் குழு வந்தது. "நாம் இந்த நாட்டில் தலை நிமிர்ந்ததே மனு எழுதித்தான். அந்த 9,401 பேரில் ஜெயிலுக்குப் போகாதவர்கள் பெயரை மட்டும் படித்துக் காட்டுங்கள், கேட்கிறேன்" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டில் இருக்கிறவரும் வக்கீல்தான் என்று வேறு சொன்னேன். அது தேவையில்லாதது.

யாரும் பேசவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே வழக்கம்போல மழை. கடைசியில், பெரியோர் பகுதியில் முடியாது, 'நினைவுகள்' பகுதியில் அரைப் பக்கம் தரலாம், திலாம்பிக் பற்றி எழுதக் கூடாது என்றார்கள். அரைப் பக்கத்தை வாங்கிக்கொண்டேன். திலாம்பிக் பற்றி எழுதுவதா இல்லையா என்பது அச்சகத்துக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற விஷயம். குறிப்பேட்டில் "ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன்.

இப்போது பிரச்சினை படம். ஊர் முழுக்கக் கேட்டாகிவிட்டது. கிடைத்தது ஒன்றே ஒன்று, என் அத்தை கல்யாணத்தில் எடுத்தது. மணமக்களுக்குப் பின்னால், பந்தல் ஓரம், வாழைமரத்துக்குப் பாதி மறைந்து நிற்கிறார். ஒரு கண்ணும் ஒரு காதும்தான் தெரிகின்றன. நல்லவேளை, பென்சில் செருகியிருந்த காது.