எந்த அடுக்கில் வைப்பது?

பாரிஸில் இசை நூலகம் ஒன்றில் பழைய இசைக்குறிப்பு ஏடுகளைப் பட்டியலிடும் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், மெலிந்த ஏடு ஒன்று என் மேசைக்கு வந்தது. ஒரே பியானோவின் முன் இருவர் அருகருகே அமர்ந்து வாசிப்பதற்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் எம்மானுவேல் சப்ரியே 1885-86இல் எழுதிய ‘மியூனிக் நினைவுகள்’ அது. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘திரிஸ்தானும் இசோல்டேயும்’ ஓபராவின் அபிமான மெட்டுகளைக் கொண்டு குவாட்ரில் வடிவில் அமைந்த கற்பனை என்று தலைப்பு விளக்கியது. குவாட்ரில் என்பது நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் நடனம். ஆகவே, ‘நடன இசை’ என்று குறித்து அந்த அடுக்கிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் ஏட்டை என் முன் வைத்து, “இதற்கு யாராவது ஆடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டார்.

ஒலிப்பதிவு இல்லாத அக்காலத்தில், ஓபரா மெட்டுகள் நடன அரங்குகளுக்கும் வீட்டுப் பியானோக்களுக்கும் குவாட்ரில்களாகவும் வந்து சேர்ந்தன. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘முகமூடி நடனம்’ ஓபராவிலிருந்து, வால்ட்ஸ் நடன இசைக்குப் பெயர்பெற்ற இளைய யோகான் ஸ்ட்ராஸ் இப்படி ஒன்றைத் தொகுத்தார். வெர்டியின் மெட்டுகளைத் தனியே பிரித்தெடுக்க முடியும். 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய திரிஸ்தானோ, ஒரு சுரக்கூட்டு தீர்வதற்கு முன்பே அடுத்ததற்குள் நழுவி, ஏக்கத்தை எங்கும் இறக்கிவைக்காமல் மணிக்கணக்கில் இழுத்துச்செல்லும் இசை. குவாட்ரிலில் எட்டு எட்டுத் தாள அளவைகளாக இசை வாக்கியம் முடிந்தாக வேண்டும். ஆடுபவர் தம் இடத்துக்குத் திரும்ப வேண்டுமல்லவா? தீராத அந்த ஏக்கத்தைச் சப்ரியே இந்தக் கட்டத்துக்குள் அடைத்து, அடியில் துள்ளும் தாளத்தைப் போட்டு, இறுதியில் கலோப் என்னும் விரைவு நடனத்தின் ஓட்டமாகவே விரட்டிவிடுகிறார்.

கேலிதான் என்று முடிவு கட்டியிருப்பேன்; அவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படிக்காதிருந்தால். 1861இல் உள்துறை அமைச்சகத்தில் எழுத்தராகச் சேர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோப்புகளுக்கிடையே இருந்தவர் அவர். மியூனிக்கில் திரிஸ்தானைக் கேட்கச் சென்றபோது, செல்லோ என்னும் நரம்பிசைக் கருவிகள் எழுப்பும் அந்த முதல் சுரத்துக்காகவே பல ஆண்டுகள் காத்திருந்ததாகச் சொல்லித் தேம்பி அழுதாராம். பின்னர், 1880இன் இறுதியில் வேலையை விட்டார். (கோப்புகளோடு காலம் கழிக்கும் எனக்கு இந்தப் பகுதியைப் படித்தபோது சற்றுப் பொறாமையாகவே இருந்தது.) அழுத அதே மனிதர்தான் இந்தத் துள்ளலையும் எழுதியிருக்கிறார். பிரெஞ்சு இசையமைப்பாளர்களான ஃபோரேயும் மெசாஜேயும் வாக்னரின் ‘மோதிர’ ஓபராக்களுக்கு இதே குவாட்ரில் மரியாதையைச் செய்தார்கள்.

ஒரு மதிய இடைவேளையில் சக ஊழியர் ஒருவருடன் அதை வாசித்துப் பார்த்தேன். கீழ்ப்பகுதி என்னுடையது. ஓபராவின் முகவுரை இசையிலுள்ள ஏக்கம் என் இடக்கையின் துள்ளலுக்கு மேல் வந்தபோது இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இருமுறை நிறுத்தித் தொடங்கினோம்.

பிறகு பதிவைத் திருத்தி, ஏட்டை நான்கு கைப் பியானோ அடுக்குக்கு மாற்றி, வாக்னர் பெயரின் கீழ் ஒரு குறுக்குக் குறிப்பும் சேர்த்தேன். ‘நடன இசை’ என்பதை அடிக்க மட்டும் மனம் வராமல், அதன் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டேன். மேற்பார்வையாளரும் அதை அழிக்கவில்லை.