மீதியை வெள்ளித்திரையில் கண்டோம்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லும் பேருந்தில், கடைப் பலகைகளின் எழுத்து மலையாளமாக மாறிய பிறகும் என்னைச் சுற்றிலும் தமிழ்ப் பேச்சே கேட்டுக்கொண்டிருந்தது. தொண்ணூறு வயதைக் கடந்த என் அம்மிச்சியை (அம்மாவின் அம்மாவை) பார்ப்பதற்காகப் போயிருந்தேன். அவருடைய வீட்டு அட்டாலியில் இருந்த தகரப்பெட்டியில், 1941 டிசம்பரில் வெளியான 'சபாபதி' படத்தின் பாட்டுப் புத்தகம் கிடைத்தது.

அக்காலப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுகளுடன் கதைச்சுருக்கமும் இருக்கும். ஆனால் கதை பாதியிலேயே நின்றுபோய், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிந்துவிடும். அம்மிச்சியின் தகப்பனார் கோயம்புத்தூரில் படம் பார்த்துவிட்டு வாங்கிவந்த புத்தகம் அது. அவர் வீட்டில் பாடிக்காட்டிய பாட்டுகள் அம்மிச்சிக்கு இன்றும் மனப்பாடம்; படத்தை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

அன்றிரவு மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து இருவரும் பார்த்தோம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் படமாக்கியிருக்கிறார்கள். படிப்பு ஏறாத செல்வந்தர் மகனுக்கும் அவனுடைய வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். டி. ஆர். இராமச்சந்திரனின் உருண்டு விழிக்கும் கண்களும் சாரங்கபாணியின் தமிழாசிரியர் வேடமும் நன்றாக இருந்தாலும், என் மனத்தில் நிற்பவர் காளி என். ரத்தினம்தான். எதைச் சொன்னாலும் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளும் அந்த வேலைக்காரன், சோடா உடைத்துக் கொண்டுவரச் சொன்னால் புட்டியையே உடைத்துவிடுகிறான். வேறு மொழியில் சொன்னால் செத்துப்போகும் வேடிக்கை அது. நாம் சோடாவைத் 'திறப்பதில்லை', உடைக்கிறோம் என்பதிலேயே அதன் உயிர் இருக்கிறது. புராணக் கதைகள் கொட்டகைகளை நிறைத்திருந்த காலத்தில், வீட்டுக்குள் நடக்கும் பேச்சையே நம்பி எடுக்கப்பட்ட இந்தப் படத்தை இத்தனை நாள் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று வருந்தினேன்.

பாட்டுகள் வந்தபோது அம்மிச்சி புத்தகத்தை மடியில் விரித்து விரலால் வரிகளைத் தொடர்ந்தார். சொற்கள் ஒத்துப்போயின, மெட்டு ஒத்துப்போகவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, "எங்கய்யன் பாடுனது இப்படியில்லீங் கண்ணு" என்றார். பிறகு தகப்பனாரின் மெட்டிலேயே அந்தப் பாட்டை முழுதாகப் பாடிக் காட்டிவிட்டு, மீதிப் படத்தை ஓடவிடச் சொன்னார்.