கிளச் ஃபேனைக் கழற்ற முன்

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் திருகோணமலைக் கராஜ்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: "அண்ணே, கிளச் ஃபேனை எடுத்துப்போட்டுக் கரண்ட் ஃபேன் பூட்டினால் சூடு குறையுமோ?" கிளச் ஃபேன் என்பது எஞ்சின் புல்லியால் சுற்றும் ரேடியேற்றர் ஃபேன், கரண்ட் ஃபேன் பற்றரிக் கரண்டில் ஓடுவது. சூடேறிக்கொண்டிருக்கிற வாகனத்தில் அப்படிச் செய்தால் பெரும்பாலும் குறையாது. ரேடியேற்றர் உள்ளே அடைபட்டிருந்தாலும், ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் தூசும் பூச்சியும் பஞ்சுபோலப் படிந்திருந்தாலும், எந்த ஃபேனும் உதவாது. முதலில் அந்த இடைவெளியை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் படுத்துவிடும். ரேடியேற்றர் மூடியையும் பாருங்கள். 0.9 பார் மூடி அழுத்தத்தைச் சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூடக் கிட்டத்தட்ட 118 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் 100-இலேயே கொதித்துப் பொங்கும். ஃபேன்மேல் பழி போட முன் இந்த இரண்டையும் முடித்துவிட வேண்டும்.

அடுத்தது கிளச்சே பழுதா என்று பார்ப்பது. அதன் முகத்தில் சுருள் தகடு ஒன்று இருக்கும். ரேடியேற்றரைக் கடந்து வரும் காற்றின் சூட்டில் அது முறுகி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். அப்போது சிலிக்கன் எண்ணெய் பள்ளங்களுக்குள் பாய்ந்து ஃபேனைப் புல்லியோடு பிடித்து இழுக்கும். எண்ணெய் கசிந்தால் நடுத்தண்டைச் சுற்றிக் கறுத்த பசைபோலத் தூசு ஒட்டியிருக்கும். விரலால் துடைத்தால் வழுவழுப்பாக வரும். நன்றாகச் சூடேறிய எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுண்டிப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் கிளச் நல்லது. நாலைந்து சுற்று இலேசாகச் சுழன்றால் எண்ணெய் போய்விட்டது. இலைகளை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது, அது வோட்டர் பம்பையும் கெடுக்கும். நல்ல கிளச்சுள்ள வாகனத்தை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து.

ஆனாலும் மாற்றுவதற்கு நியாயமான காரணம் உண்டு. கிளச் ஃபேன் எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. பிரட்றிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான்கள் ரோட்டில் நிற்கும், முன்னால் பஸ் நிற்கும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும், ஏசி ஓடும், ஃபேன் மட்டும் மெதுவாகச் சுற்றும். காற்று மிக வேண்டிய நேரம் அதுதான். கரண்ட் ஃபேன் அந்த இடத்தில் முழு வேகத்தில் ஓடும். மறுபக்கம் கந்தளாய், ஹபரணைப் பாதையில் 70, 80 கிலோமீற்றரில் போகும்போது காற்றைத் தள்ள ஃபேனே தேவையில்லை, கரண்ட் ஃபேன் நின்றுவிடும். ஃபேன் வேகம் இரு மடங்கானால் அது கேட்கும் வலு எட்டு மடங்காகும் என்பதால், உயர்ந்த வேகத்தில் இறுகிப்போன கிளச் ஒன்று எஞ்சினிலிருந்து கணிசமாகவே உறிஞ்சும். டீசல் செலவு பெரிதாகக் குறையும் என்று மட்டும் நம்பவேண்டாம். நல்ல கிளச் குளிர்ந்த நேரத்தில் தானாகவே வழுக்கிக்கொண்டு மெதுவாகத்தான் சுற்றும்.

மாற்றவே கூடாத வாகனமும் உண்டு. நிலாவெளிப் பக்கம் படகைக் கட்டி மணலில் இழுத்துக் கரையேற்றும் டபிள் கெப், ஐஸ்பெட்டி நிறைய மீன் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்கு ஏறும் லொறி போன்றவற்றில் எஞ்சின் உச்ச வலுவில் உழைக்கும், முன்னால் வரும் காற்றோ மிகக் குறைவு. அந்த வேளையில் கிளச் ஃபேன் தள்ளும் காற்றை 12 வோல்ற் மோட்டரால் ஈடுசெய்வது கடினம். சீற்றுக்குக் கீழே எஞ்சின் இருக்கும் ஹயேஸ் வேனிலும் இடம் போதாது, விட்டுவிடலாம். கீழே சொல்வதெல்லாம் ஹைலக்ஸ் 3எல், 5எல் போன்ற எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் டபிள் கெப்புக்கு, அதுவும் ஊருக்குள் ஓடுவதற்கு.

ஃபேன் வாங்க முன் அளவெடுங்கள். வோட்டர் பம்ப் புல்லியின் முகத்திலிருந்து ரேடியேற்றர் தகடு வரை உள்ள இடைவெளியில் எஞ்சின் மவுண்டில் அசைவதற்கு 20 மில்லிமீற்றரையும், ஃபேன் கவரின் ஆழத்துக்கு 25 மில்லிமீற்றரையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மோட்டரோடு சேர்த்து ஃபேனின் தடிப்பு. மெல்லிய ஃபேன்கள் 65 மில்லிமீற்றர் அளவில் வரும், வலுவானவை 90-ஐத் தாண்டும். பெட்டியில் அச்சடித்த காற்றளவை நம்பாமல் கரண்ட் அளவைக் கேளுங்கள். 80 வாற் ஃபேன் என்றால் 6 அம்பியர்தான், 2.8 லீற்றர் டீசலுக்கு அது விளையாட்டுச் சாமான். இரண்டு ஃபேனும் சேர்ந்து 25 முதல் 35 அம்பியர் எடுக்கும் சோடிதான் பொருத்தம். பாவித்த ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய இரட்டை ஃபேன்கள், கவரோடு வருபவை, புதிய மலிவு ஃபேன்களைவிட எனக்குப் பிடிக்கும். பற்றரியில் நேரடியாகக் கொடுத்துக் கிளம்ப் மீற்றரில் அளந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, சத்தத்தையும் சூட்டையும் பார்த்து வாங்குங்கள்.

அல்டனேற்றரை மறக்கக்கூடாது. 60 அம்பியர் என்று எழுதியிருப்பது ஐட்லிங்கில் கிடைக்காது, அரைவாசியளவுதான் வரும். ஏசி புளோவரும் ஹெட்லைற்றும் ஏற்கனவே அதைத் தின்றுகொண்டிருக்கும். அதன்மேல் 30 அம்பியர் ஏற்றினால் இரவில் ஊருக்குள் ஓடும் வாகனத்தில் பற்றரி மெல்ல மெல்ல இறங்கும். 80 அம்பியருக்குக் குறைந்த அல்டனேற்றரோடு இந்த வேலையில் இறங்கவேண்டாம்.

கழற்றும்போது பெல்ட் இறுக்கமாக இருக்கையிலேயே கிளச்சின் நான்கு நட்டுகளையும் இளக்குங்கள், புல்லி சுற்றாமல் பெல்ட் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பிறகுதான் பலர் கவனிக்காத விஷயம் வரும். அந்த நட்டுகள் ஏறும் அதே நான்கு ஸ்டட்தான் (தலையில்லாத புரித்தண்டு) புல்லியையும் பம்போடு பிடித்திருக்கிறது. கிளச்சின் தட்டு போனதும் அந்தத் தடிப்புக் குறைந்து, நட் ஸ்டட்டின் புரியில்லாத பகுதியில் முட்டி நிற்கும். இறுகியதுபோலத் தெரியும், ஆனால் புல்லி ஆடும். கிளச் தட்டின் அதே தடிப்பில் லேத் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து இடையில் போடுங்கள். கழற்றிய கிளச்சைப் படுக்க வைக்கவேண்டாம், எண்ணெய் கசிந்துவிடும். வாகனத்தில் நின்றபடியே நிமிர்த்தி வையுங்கள். பழைய ஃபேன் கவரையும் எறியவேண்டாம்.

ஃபேனை ரேடியேற்றர் தகடுகளுக்குள்ளால் பிளாஸ்ரிக் ஊசி விட்டுக் கட்டும் வழக்கம் இருக்கிறது. சில மாதங்களில் அதிர்வு குழாயை அரித்து ஓட்டை போடும். 1.5 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் ரேடியேற்றரின் முழு முகத்தையும் மூடும் கவர் அடித்து, பக்கச் சட்டத்தில் போல்ற் போடுங்கள். கவர் இல்லாத ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டுமே காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேற்றர் தகட்டுக்கும் கவருக்கும் இடையில் 25 மில்லிமீற்றராவது ஆழம் விட்டு, ஓரத்தில் இறப்பர்ப் பட்டி ஒட்டுங்கள். கவரில் ஃபேன் இல்லாத இடங்களில் சில ஓட்டை வெட்டி மேல்விளிம்பில் மட்டும் பிடித்த இறப்பர் மடல் தொங்கவிட்டால், வேகமாக ஓடும்போது காற்று அதைத் தள்ளித் திறந்து வெளியேறும். ஃபேன் ஓடும்போது உறிஞ்சி மூடிக்கொள்ளும். பிறகு ஒரு தாளைக் கிறில்லுக்கு முன்னால் பிடியுங்கள். ஒட்டினால் சரி. பறந்தால் மோட்டரின் வயர்கள் மாறிவிட்டன, ஃபேன் வரும் காற்றோடு சண்டை பிடிக்கிறது.

இந்த வேலை பிழைப்பது பெரும்பாலும் வயறிங்கில்தான். ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிச்), தனி பியூஸ், தனி வயர் கொடுங்கள். ஒன்று போனாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். 40 அம்பியர் ரிலே, 30 அம்பியர் பியூஸ், 4 சதுர மில்லிமீற்றர் வாகன வயர். பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும், அதற்கு முன் உள்ள வயர் உரசினால் காப்பாற்ற எதுவுமில்லை. இரண்டு ஃபேனுக்கும் ஒரே 2.5 வயர் இழுத்தால், போக வர 4 மீற்றரில் 30 அம்பியருக்கு 0.8 வோல்ற் வயரிலேயே எரியும். ஃபேன் வேகம் இறங்கும், வயர் சூடாகும். வீட்டு வயறிங்குக்கு வரும் தடித்த கம்பி வேண்டாம், அதிர்வில் முறியும்.

ரிலேயின் முனைகளில் உள்ள எண்படி: 30 பற்றரி பியூஸிலிருந்து, 87 ஃபேனுக்கு. 86-க்குச் சாவி போட்டால் வரும் கரண்ட், 3 அம்பியர் பியூஸ் ஊடாக. 85 சூட்டுச் சுவிச் (கூலன்ட் சூடேறினால் தானாகப் பிடிக்கும் சுவிச்) ஊடாக எர்த்துக்கு. ஃபேனின் எர்த் வயரும் அதே 4 தடிப்பில் பற்றரி நெகற்றிவுக்கே போகட்டும். ஏசிக்கு மூன்றாவதாகச் சின்ன ரிலே ஒன்று: 86 கம்ப்ரஸருக்குப் போகும் வயரில், 85 எர்த்தில், 30 எர்த்தில், 87 முதல் ஃபேன் ரிலேயின் 85-க்கு. ஏசி பிடிக்கும்போதெல்லாம் முதல் ஃபேன் ஓடும். அதே 85-இலிருந்து டாஷ்போர்டுக்கு ஒரு சுவிச்சும் எர்த்துக்குக் கொடுங்கள், சூட்டுச் சுவிச் செத்தால் கையால் ஓட்டலாம். நிறுத்தும் சுவிச் வேண்டாம். அதை ஒருநாள் மறந்தால் எஞ்சின் ஹெட் வளையும். மாரியில் ரோட்டுக்கு மேலால் ஓடும் வெள்ளத்தைக் கடப்பவர்களுக்கு மட்டும், அழுத்திப் பிடித்திருக்கும்வரை 86-இன் கரண்டைத் துண்டிக்கும் பொத்தான் போதும். ஓடும் ஃபேன் தண்ணீரில் முட்டினால் இலை வளைந்து ரேடியேற்றரைக் கிழித்துவிடும்.

சூட்டுச் சுவிச்சை ரேடியேற்றரின் மேல் ஹோஸை வெட்டி, அலுமினிய இணைப்பு ஒன்றில் பூட்டலாம். தகடுகளுக்குள் செருகும் கம்பிச் சென்சர் காற்றின் சூட்டைத்தான் வாசிக்கும், அதை விடுங்கள். ஒரு முனைச் சுவிச் என்றால் இணைப்புக்குத் தனி எர்த் வயர் தேவை, இரு பக்கமும் இறப்பர் ஹோஸ் என்பதால் அதற்கு எர்த்தே கிடையாது. இரண்டு முனைச் சுவிச்தான் நல்லது. எஞ்சினில் 82 பாகைத் தெர்மோஸ்டாற் (சூடேறியதும் கூலன்டை ரேடியேற்றருக்குத் திறந்துவிடும் வால்வு) இருந்தால் முதல் ஃபேன் 92-இல் பிடித்து 87-இல் விடட்டும், இரண்டாவது 97 அளவில் பிடிக்கட்டும். விடும் பாகை தெர்மோஸ்டாற் திறக்கும் பாகைக்குக் கீழே போனால் ஃபேன் நிற்கவே நிற்காது. சூடு குறையட்டும் என்று 75-இல் விடும் சுவிச்சைத் தேடுகிறவர்கள் மோட்டரையும் அல்டனேற்றரையும்தான் தேய்க்கிறார்கள். கூலன்ட் நிரப்பிய பிறகு காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். சுவிச் இருக்கும் இடத்தில் காற்றுக்குமிழி நின்றால் எஞ்சின் கொதித்தாலும் அது பிடிக்காது.

நம் ஊரில் உப்புக்காற்றுக்குத் தனியாக வேலை செய்யவேண்டும். வயரை முறுக்கி ரேப் சுற்றிய மூட்டை ஒரு வருடம் கழித்து அவிழ்த்தால் செம்பு பச்சைக் களிம்பாய் உதிரும். உறையை இன்னும் ஒரு சாண் உரித்தாலும் உள்ளே இழைகள் கறுத்தே இருக்கும், ஈரம் வயருக்குள்ளாலேயே ஏறியிருக்கும். முனைகளைச் சரியான கருவியால் நெரித்து, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ரிலேகளை முனை கீழே பார்க்கும்படி, கிறில்லுக்கு விலகி, பற்றரிப் பக்கமாக உயரத்தில் வையுங்கள்.

முடித்த பின் மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு 20 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். டாஷ்போர்டு முள்ளை நம்பவேண்டாம், பல வாகனங்களில் அது 80-க்கும் 100-க்கும் இடையில் அசையாமலே நிற்கும். தெர்மோஸ்டாற் உறையில் அளந்து பாருங்கள். இரண்டு ஃபேனும் ஓடும்போது மோட்டர் முனையில் வோல்ற் அளந்தால், பற்றரியில் உள்ளதைவிட அரை வோல்றுக்கு மேல் குறையக்கூடாது. பியூஸ் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்கமுடியாமல் சுட்டால் உள்ளே பிடி தளர்வு, அந்தப் பிளாஸ்ரிக் பழுப்பேறி உருகும் நாள் தூரத்தில் இல்லை, உடனே மாற்றுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு புல்லி நட்டுகளை மறுபடி இறுக்கி, பியூஸ் கூட்டை இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள்.